கிளாக்கர் ஐயாவின் பின்சக்கரம்

பழைய மோட்டார் சைக்கிளைச் சரி பண்றது லேசுங்க. அது சொந்தக்காரரோட சேர்ந்து வர்றதுதான் கஷ்டம். பதுளையில கராஜ் வச்சு நான் படுற பாடு, ஸ்பேனர் புடிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச பாடுதான். ஒரு பைக் பட்ட பாட்டை மட்டும் சொல்றேன், கேளுங்க.

பழி ரோட்டு மேல

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிளாக்கரா இருந்து ஓய்வு பெற்ற ஐயா கொண்டு வந்தாரு. அவரு அப்பாவுக்கு வெள்ளைக்காரத் தொர குடுத்துட்டுப் போன சீமை பைக். வளைவுல பின்சக்கரம் நாய் வாலு மாதிரி ஆடி, பின்னால இருந்த அவர் சம்சாரம் தேயிலைச் செடிக்குள்ள விழுந்துட்டாங்க. இனிமே ஏறவே மாட்டேன்னுட்டாங்க. ஹல்துமுல்லையில இருக்கிற மகள் வீட்டு வாசல்ல அந்தம்மாவை இதுலயே கொண்டுபோய் இறக்கலன்னா மானம் போயிருமாம் இவருக்கு. சக்கரத்தைப் புடிச்சு அசைச்சேன். அதைத் தாங்குற ஸ்விங் ஆம் லொட லொடன்னு ஆடுச்சு. "ஆமை ஆடாமப் புடிக்கிற புஷ் தேஞ்சிருச்சு ஐயா"ன்னேன்.

"புஷ்ஷெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாஸ், ரோடுதான் தேஞ்சு போச்சு!"

தகர வைத்தியம்

கழட்டினா, புஷ் இருக்க வேண்டிய இடத்துல தேயிலைப் பெட்டித் தகரம்! துண்டு துண்டா வெட்டி, சுருட்டித் திணிச்சு, மேல கிரீஸை அப்பியிருக்கு. அடப்பாவி மனுசா, அந்தம்மா உசுரு இதுலயா தொங்குச்சு? எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எந்த மடையன் செஞ்ச வேலைன்னு கேட்டுட்டேன். ஐயா நெஞ்சை நிமித்திக்கிட்டாரு.

"நான்தான். வெளிநாட்டுக்குத் தேயிலை போற தகரம் பாஸ், லேசுல போகாது!"

ராகு காலம்

லேத்துல பித்தளை புஷ் கடைஞ்சு வாங்கி அடிச்சு இறக்கினேன். ஆமைத் தூக்கி (நீந்துற ஆமை இல்லீங்க) சட்டத்துல பொருத்தி, நீட்டுப் போல்ட்டைத் தட்டுனேன். பாதி போயிருக்கும், ஐயா என் கையைப் புடிச்சிட்டாரு. ராகு காலம் பொறந்துருச்சாம்! முடியுற வரைக்கும் சுத்தியல் படக்கூடாதாம். ஒரு கையில சுத்தியல், ஒரு கையில ஆம், நான் குந்திக்கிட்டு இருக்கேன். அவரு ஸ்டூல்ல உக்காந்து பிளேன்டீ குடிக்கிறாரு. "பாதியில நிக்குதே, அது தோஷமில்லையா?"ன்னு கேட்டேன்.

"பாதி நல்ல நேரத்துல போயிருச்சுல்ல, மீதி அது பின்னாலயே போயிரும்."

பூசை முடிஞ்ச கையோட

வேலை முடிஞ்சதும் அந்தம்மாவையே வரச்சொல்லி, சக்கரத்தை அசைச்சுப் பாருங்கன்னேன். இழுத்துப் பாத்தாங்க, தள்ளிப் பாத்தாங்க, இம்மி அசையல. அப்பத்தான் அவங்க முகத்துல சிரிப்பே வந்துச்சு. எனக்கும் ரொம்ப சந்தோசம். ஏறுறேன்னுட்டாங்க. ஐயாவுக்குத் தலைகால் புரியல. பூசைக்குத் தேங்காய் வாங்கப் போனவரு, தவறணைக்குள்ள புகுந்து சாராயத்தை ஏத்திக்கிட்டுத்தான் வந்தாரு. தேங்காய் உடைச்சு, எலுமிச்சம்பழம் வச்சு, கிக் அடிக்கக் காலைத் தூக்குனா, காலுக்குப் பெடல் சிக்கல. அந்தம்மா சாவியைப் புடுங்கி என் கையில குடுத்துட்டு, பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நடந்தாங்க.

"ஆம் ஆடல பாஸ், நல்ல வேலை. இந்த ஆளு ஆடுறாரே, இவருக்கும் ஒரு புஷ் கடைஞ்சு போடுங்க!"

நம்ம தொழில்ல பித்தளை தேயும், இரும்பு தேயும், கஸ்டமரு வீராப்பு மட்டும் இன்னைக்கு வரைக்கும் தேஞ்சு நான் பாத்ததில்லீங்க.