பழவேற்காட்டில் நான் காத்திருக்காத பத்து நிமிடம்

பழவேற்காட்டுக்குப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே ஒரு டச்சுக்காரர் கேட்டதால்தான். கடல்வழிக் குற்றங்களைத் தடுப்பது பற்றிப் பல நாட்டு அதிகாரிகள் சென்னையில் இரண்டு நாள் கூடிப் பேசினார்கள். அதைக் குறிப்பெடுப்பது என் வேலை. ஆள் கடத்தல், கள்ளத்தோணி, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தகவல் கொடுப்பது என்று போனது பேச்சு. தேநீர் நேரத்தில் அந்த டச்சு அதிகாரி, "எங்கள் ஊர்க்காரர்களின் கல்லறைகள் இங்கே பக்கத்தில் இருக்கின்றனவாமே, பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு நாற்பத்து நான்கு வயது, பிறந்து வளர்ந்தது சென்னையில். பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்தது. சனிக்கிழமை காலையே கிளம்பிவிட்டேன். பிப்ரவரி மாதம், வெயில் இன்னும் ஏறவில்லை.

வழி எளிது. சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் 6.10 வண்டி, பத்து ரூபாய் டிக்கெட். மீஞ்சூரில் பாதிக் கூட்டம் இறங்கிவிடும், பிறகு உட்கார இடம் கிடைக்கும். 7.05க்குப் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர், பேருந்தில் முக்கால் மணி நேரம். கடைசியில் ஏரி வரும், அது தெரியும் பக்கமாக உட்காருங்கள்.

பேருந்து நிற்குமிடத்தில் கபீர் பாயின் ஆட்டோவைப் பேசிக்கொண்டேன். டச்சுக் கோட்டை, கல்லறை, மீனவர் ஊரான கோட்டைக்குப்பம் எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய். முதலில் ஒரு முட்புதர் மேட்டின் முன்னால் நிறுத்தினார்.

"கோட்டை எங்க பாய்?"

"நீ நிக்கிறியே, இதாம்மா கோட்டை. நேத்து ஒருத்தர் வந்து எங்கைலயே சண்டை போட்டாரு, நான் இன்னாமோ இட்ச்சு வித்துட்ட மாரி."

கோட்டைக்குப் பத்து நிமிடம் போதும். கல்லறைத் தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாசலின் இரு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கின்றன. உள்ளே ஆளுயரத்துக்கும் மேல் மண்டபங்கள், தரையில் கிடக்கும் கற்பலகைகளில் புரியாத மொழியில் ஆழமாக வெட்டிய எழுத்துகள். டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணியை மட்டும் ஏற்றிப் போகவில்லை. பஞ்ச காலங்களில் மனிதர்களை வாங்கிக் கப்பலில் அடைத்துப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அன்றைக்கு யாராவது பார்த்து, யாரிடமாவது சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் கோட்டைக்குப்பம் கரைக்குப் போனேன். இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. நடந்தது இது.

மணி பத்தரை. கரையில் ஒரு பைபர் படகின் விளிம்பில் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. முதுகில் வட்டம் வட்டமாக எழுத்து. தமிழில்லை, தெலுங்கில்லை, ஆங்கிலமும் இல்லை. முந்தின நாள்தான் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்: படகில் அந்நிய எழுத்துள்ள பொருள் இருந்தால் கவனிக்க வேண்டும், கடலோர மக்கள் உடனே தகவல் சொல்ல வேண்டும். அதை நானே அழகாகத் தட்டச்சு செய்திருந்தேன்.

படகு நிழலில் ஒரு பெண் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பெயர் தேசம்மா என்று பிறகு தெரிந்தது.

"இது யாருதுங்க?"

"எங்கூட்டுக்காரருதுதான். இன்னாத்துக்குக் கேக்குற?"

"இது என்ன எழுத்து?"

அவர் நிமிரவில்லை. "கை நாறுது பாரு. றால் எடுக்க ஐஸ் வண்டி வந்துரும். ஒரு பத்து நிமிசம் இரு, இத்த முட்ச்சுட்டு சொல்றேன். பெரிய கத அது."

நான் இருக்கவில்லை. எதையோ மறைக்கிறார் என்று பட்டது. சட்டையைப் படமெடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நடந்துபோய், கூட்டத்தில் கொடுத்த அட்டையிலிருந்த கடலோரக் காவல் எண்ணுக்குப் பேசினேன், படத்தையும் அனுப்பினேன். என் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. இப்போதும் அது காதில் கேட்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு இரண்டு காவலர்கள் வந்தார்கள். தேசம்மாவின் கணவர் ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு, அந்தச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். நான் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேசம்மா கை கழுவாமலே என்னிடம் ஓடிவந்தார்.

"யம்மா, நீ படிச்சவளா கீற. ஸ்டேசனுக்கு வந்து ஒரு வார்த்த சொல்றியா? ரெண்டு மணிக்கு அவரு தண்ணில எறங்கணும். இன்னிக்கி எங்க பாடு."

பாடு என்றால் முறை என்று கபீர் பாய் விளக்கினார். ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். யாருக்கு எந்த நாள் என்று சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். முறைக்காரரே படகில் இருக்க வேண்டும். மனைவியோ தம்பியோ பதிலுக்குப் போக முடியாது. அவர் இல்லையென்றால் அன்றைய பாடு அடுத்தவருக்கு. ஏழுமலைக்கு இந்த நாள் இருபத்திரண்டு நாள் கழித்து வந்திருக்கிறது.

"ஒரு நாளைக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்களா?" என்று கேட்டேன்.

"ஒர்த்தருக்கு வுட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. அப்பால வெட்டுக்குத்துதான்" என்றார் தேசம்மா, தன் நாளே போய்க்கொண்டிருக்கும்போது.

நான்தான் தகவல் கொடுத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நிலையத்துக்குப் போன ஆட்டோவில் தேசம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இறால் வாசனை. நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

நிலையத்தில் ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆவணங்களைச் சரிபார்க்க மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள், பதில் வரவேண்டும். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காவலர் எழுந்து நின்றார். "வாங்க மேடம். படம் தெளிவா எடுத்திருந்தீங்க. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்க வேலை சுளுவா போயிடும்."

தேசம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நேராகப் போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதையை ஏழுமலைதான் சொன்னார், யாரைப் பார்த்தும் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் காசிமேட்டுப் படகில் கூலிக்குப் போயிருக்கிறார். நடுக்கடலில் எஞ்சின் நின்று, காற்று இழுத்துக்கொண்டுபோய்ப் பர்மாப் பக்கம் விட்டிருக்கிறது.

"அவங்க மீன்காரங்க எங்களப் பாத்தாங்க. அவங்க பாச எனுக்குத் தெரியாது, எம்பாச அவங்களுக்குத் தெரியாது. யாருன்னு கேக்கவேயில்ல, மொதல்ல கஞ்சி ஊத்துனாங்க. ஒர்த்தன் போட்ருந்த சட்டயக் கயட்டி எனுக்கு மாட்டி வுட்டான். அப்பால அந்த கவர்மெண்டும் நம்ம கவர்மெண்டும் பேசி எங்கள அனுப்ப நாலு மாசம் ஆச்சு."

அந்த நாலு மாதத்துக் கூட்டங்களிலும் என்னைப் போல் ஒருத்தி உட்கார்ந்து அழகாகக் குறிப்பெடுத்திருப்பாள்.

பதில் வந்தபோது மணி மூன்று இருபது. சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கரைக்கு வந்தோம். தூரத்தில் வேறொருவர் படகு, வலை போட்டாகிவிட்டது. ஏழுமலை கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்ருக்கான்" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று தேசம்மாவிடம் சொன்னேன். அவர் காலியான கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ கேட்டது தப்பில்லம்மா. கேட்டுட்டு நிக்காம பூட்ட பாரு, அதான்."

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள். கல்லறைக்குக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். ஏரியில் யாராவது படகுச் சவாரிக்குக் கூப்பிட்டால் ஏறாதீர்கள், அனுமதி இல்லை. மாலை 5.40 பேருந்தைப் பிடித்தால் எட்டு மணிக்குள் சென்ட்ரல் வந்துவிடலாம். சந்தேகமாக எதையாவது பார்த்தால் தகவல் சொல்லவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கல்லறைகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

கோட்டைக்குப்பம் கரைக்கு எல்லோரும் இருபது நிமிடம் போதும் என்பார்கள். முப்பது வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வண்டி வந்து போகட்டும், தேசம்மா கையைக் கழுவிக்கொண்டு வரட்டும்.