மஞ்சள் கயிற்றை வெட்டிய கை

போன ஆடி மாதம். மலைமேல், நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊர். மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒருவரின் பாதத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது: நம் மருத்துவ முகாமை ஏன் இங்கேயே நடத்தக் கூடாது? ஆனால் அந்த வாசலுக்கு என்னைக் கொண்டுவந்தது என் தவறு.

நான் நர்ஸ். படிப்பு முடித்து ஒரு வருடம்தான். எதையும் சட்டென்று செய்து முடித்தாக வேண்டும் எனக்கு. ஊர் எல்லைக்குள் நின்ற எங்கள் முகாம் வண்டிக்கு ஒரு விவசாயி வந்தார். சர்க்கரை நோய், பாதத்தில் சீழ் பிடித்த புண். திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்ததால் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். வலது கையில் ஊசி போட நரம்பு தேடினேன். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த காப்புக் கயிறு இடைஞ்சலாக இருந்தது. ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளின் கயிறுகளை வெட்டிப் பழகிய கை. கேட்காமலே வெட்டிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "இன்னாம்மா பண்ணிட்ட?" என்றார் மெதுவாக. கீழே விழுந்த மஞ்சள் கிழங்கைப் பொறுக்கிக்கொண்டு, ஊசி போடாமலே நொண்டி நொண்டிப் போய்விட்டார். மறுநாள் வண்டிக்கு யாருமே வரவில்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலை மறித்து நின்றார்.

"கத்திரிக்கோல எங்க வெச்சிட்டு வந்தீங்க மேடம்?"

மன்னிப்புக் கேட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றேன்.

"பூசாரி வேற கயிறு கட்டிட்டாருங்க. காப்பு அவுக்குற வரைக்கும் ஊரு எல்லைய தாண்ட மாட்டாரு." வாசலிலிருந்து சற்று விலகினார். "அவருதான் தாண்டக் கூடாது. நீங்க தாண்டி வரக் கூடாதுன்னு ஆத்தா சொன்னாளா?"

ஆறு நாள் ஜீப் பிடித்துப் போனேன். டாக்டர் போனில் சொன்னபடி கோயில் வாசலிலேயே ஊசியும் கட்டும். முதல் நாள் அவர் தானாகவே கயிறு இல்லாத இடது கையை நீட்டினார். என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. வண்டியிலேயே நான் அந்தக் கையைக் கேட்டிருக்கலாம். சாமி கும்பிட வந்த சிலரும், "எனுக்கும் பாருங்க" என்று காலைக் காட்டினார்கள்.

காப்பு அவிழ்த்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. நான் வீணாக்கிய அந்த ஒரு நாளில்தான் விரல் போனதா, தெரியவில்லை.

வரும் ஆடியில், காப்பு கட்டும் முன்பே கோயில் வாசலில் எல்லோர் காலையும் பார்க்கலாமா என்று பூசாரியிடம் கேட்கப் போகிறேன். முதலில் கேட்க வேண்டும் என்பதை, அந்த ஒரு விரலின் விலையில் கற்றிருக்கிறேன்.