சாகாமத்தில் ரினோஸா ராத்தா பாட்டெடுக்காத காலை

முதலில் ஒரு செருமல் கேட்கும். பிறகு குளத்து மீனின் பச்சை வாசம் வரும். அதற்கும் பிறகுதான், நனைந்த சாரனோடு ராத்தாவின் மாமா வேலிக் கடப்படியில் தெரிவார்...

சாகாமத்தில் நாங்கள் தங்கிய அந்தச் சனிக்கிழமை முழுக்க அவர் அப்படித்தான் வந்துபோனார். உள்ளே நான்கு பெண்கள் பாடிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். எங்கள் பாட்டு அன்னிய ஆண்களின் காதில் விழக்கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. அதனால் தூரத்திலேயே செருமுவார். நாங்கள் பாதி அடியில் நிறுத்தி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வோம்.

பெயர் வைக்காத குழு எங்களுடையது: மூத்தவர் ரினோஸா ராத்தா, பிறகு சியானா, பஸ்லா, நான். இங்கே எழுதும் பெயர்களும் நான் வைத்தவைதான், அவர்கள் கோபிக்க மாட்டார்கள். கல்முனைக்குடியில் ரினோஸா ராத்தாவின் மேல்மாடியில், வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுததும் கூடுவோம். பைத்துகள் என்னும் மார்க்கப் பாடல்களும், வயலில் பாடிய பழைய கவிகளும் பாடுவோம். மேடை இல்லை, வாத்தியம் இல்லை. போனில் பதிவதும் இல்லை.

வாத்தியம் இல்லாத இடத்தில் யாராவது ஒருவர் முதல் அடியை எடுக்க வேண்டும். அவர் பிடித்த சுருதியில்தான் மற்றவர்கள் சேரலாம். எங்களுக்கு எடுப்பது எப்போதும் ராத்தா. நான் இரண்டு சொல் பிந்தித்தான் சேர்வேன். மற்றக் குரல்களுக்கு அடியில் ஒளிந்துகொள்ள எனக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது.

அந்த வருடம் ராத்தாவுக்கு விசா வந்தது. கணவர் தோஹாவில் இருந்தார்.

"போக முந்தி ரெண்டு நாள் எங்கயாவது போய் வயிறு நிறையத் திண்டு, வாய் வலிக்கப் பாடுவம்கா" என்றார் ராத்தா. சாகாமத்தில் அவருடைய மாமியின் வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த வளவில் இருந்த மாமாதான் எங்களுக்குக் குளத்து மீன் பிடித்து வந்து தந்தார். நிந்தவூரில் வேனை நிறுத்தித் தயிர் வாங்கினோம். சட்டியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் பஸ்லா. ராத்தா போவதைப் பற்றி மட்டும் வழியெல்லாம் யாரும் கதைக்கவில்லை.

சனிக்கிழமை வாய் வலிக்கத்தான் பாடினோம். ஞாயிறு காலை பாய் விரித்து உட்கார்ந்தபோது ராத்தா வரவில்லை. குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"ராத்தா, எடுங்களன்" என்றாள் சியானா.

"எனக்குக் கை வேலையா இரிக்கி. நீங்க எடுங்க."

"தேங்கா துருவ வாய் எதுக்கு?" இது பஸ்லா.

"துருவி முடியுமட்டும் நான் ஊமை."

சியானா எடுத்தாள். மூன்றாம் அடியிலேயே அவள் குரல் உடைந்தது.

"தென்னையில ஏறி நிண்டு எடுத்தா நாங்க எப்பிடிக்கா ஏறுற?" என்று சிரித்துவிட்டு பஸ்லா எடுத்தாள். அது ஒரேயடியாகக் கீழே போய்விட்டது.

"நீ கிணத்துக்குள்ள இருந்தா எடுக்காய்?" என்று சியானா திருப்பிக் கொடுத்தாள்.

சிரித்தோம். சிரிப்பு அடங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமைகள் எப்படி இருக்கும் என்று அந்த நேரத்தில்தான் எங்களுக்கு விளங்கியது.

"அப்ப... இத்தோட விடுவமா?" என்றாள் சியானா. அவள் கேட்டது அந்தக் கவியைப் பற்றி மட்டும் அல்ல.

துருவும் சத்தமும் நின்றிருந்தது.

இத்தனை நாளும் ஒளிந்திருந்ததில் எனக்கு ஒரு நன்மை இருந்தது, கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். சியானாவின் குரல் எந்த இடத்துக்கு மேலே ஏறாது என்று தெரியும். காலையில் பஸ்லாவின் குரல் திறக்க நேரமாகும் என்றும் தெரியும். அந்தக் கவியின் உயர்ந்த அடியை மனதுக்குள் பாடி, அதைச் சியானாவுக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். அங்கிருந்து முதல் அடிக்கு இறங்கி வந்தேன்.

பாயைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன்.

தனியாகப் பாடினால் இரண்டு சொல் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது... பிறகு பஸ்லா சேர்ந்தாள், சியானா சேர்ந்தாள். குசினியிலிருந்து யாரும் சேரவில்லை. உயர்ந்த அடி வந்தது. சியானா அதில் ஏறி நின்று என்னைப் பார்த்தாள்.

கவி முடிந்தபிறகுதான் வேலிக்கு அப்பாலிருந்து செருமல் கேட்டது.

ராத்தா கடப்படிக்குப் போய் மீன் கோர்வையை வாங்கினார். "என்ன மாமா, மீனெல்லாம் காய்ஞ்சு போய்க் கிடக்கு?"

"நடுவுல செருமினா நிப்பாட்டிப் போடுவீங்களே மகள். முடியட்டும் எண்டு அங்கால வெயில்ல நிண்டன்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல" என்று அவசரமாகச் சேர்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் குசினிக்குள் போனேன். ஒரு கறிக்கு மூன்று தேங்காய் துருவி வைத்திருந்தார் ராத்தா. என் பக்கம் திரும்பாமல், "உப்பு எங்க வெச்ச?" என்று கேட்டார். உப்பு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அன்றைக்கு நாங்கள் தின்றது மீன் பாயாசம் என்று பஸ்லா இன்றைக்கும் சொல்வாள்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் கூடுகிறோம், சியானாவின் வீட்டில். பாடப் போகும்போது அவள் தோஹாவுக்கு அழைத்து, போனைத் தலையணையில் சாத்தி வைப்பாள். பதிவு இன்றைக்கும் இல்லை. நான் எடுப்பேன்.

அந்தப் பக்கத்தில் ராத்தாவும் பாடுவார். ஆனால் லைன் சுணங்கும். அவருடைய குரல் எப்போதும் இரண்டு சொல் பிந்தித்தான் எங்களிடம் வந்து சேரும்.

மியூட்டில் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அவர் வந்து சேருமட்டும், கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்திருப்போம்...