சர்வருக்கு வைத்த எலுமிச்சை

பிள்ளைகளா, நம் கடையில் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, அதற்கு முன்பக்கம் பொட்டு வைக்காமல் ஏன் விலாவில் வைத்திருக்கிறோம் என்று கேட்டீர்கள். எழுதித் தருகிறேன். படித்துவிட்டு உங்கள் மாமாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் நாம் அச்சுக்கடை போட்ட புதிதில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. கல்யாணக் கார்டு ஒன்றில், பேனர் இன்னொன்றில். எது எதில் கிடக்கிறது என்று உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மழைநாளில் இடி விழுந்து பேனர் கம்ப்யூட்டர் செத்தது. கோயில் திருவிழாவுக்குச் செய்து வைத்த பேனர்கள் அத்தனையும் அதோடு போயின. பழைய படங்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் செய்தோம். அவசரத்தில் ஓர் உபயகாரர் படத்துக்குக் கீழே இன்னோர் உபயகாரர் பெயர் விழுந்துவிட்டது. நம் ஊரில் சாமி படம் மாறினால்கூட மன்னித்துவிடுவார்கள். உபயகாரர் படம் மாறினால் மன்னிப்பே கிடையாது.

கோயில் செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். "தம்பி, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேல செகிஞ்சான் டவுனு கடைக்குப் போயிரும். அப்புறம் என்னைக் கொற சொல்லாதீங்க."

திருவிழா வேலைதான் நம் வீட்டுக்கு அரிசி. அதனால் எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைத்து, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஒரு சர்வர் வாங்குவது என்று முடிவானது. முடிவானதுதான் தாமதம், ஊரில் இத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது.

ரவாங்கிலிருந்து டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். "பாஸ், இது பேங்க்ல யூஸ் பண்ற மாடல். தனி ரூம் வேணும். ஏர்கோன் நிக்கவே கூடாது." நம் கடையில் மேலே இருந்த காத்தாடியே ஆள் வந்தால்தான் சுற்றும்.

உங்கள் மாமா தன் தொழிற்சாலையில் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரைக் காரில் வைத்தே கொண்டுவந்துவிட்டார். "சும்மா கெடைக்குதுலா மச்சான், காசே வேணாம். நான் இத சர்வராக்கித் தரேன். எதுக்கு டுயிட்ட வீணாக்குறீங்க?"

"இத ஏன் தூக்கிப் போட்டாங்க?"

"அடிக்கடி தானா நின்னுரும். வேற ஒண்ணும் இல்ல."

அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு ஒன்றைத்தான் கேட்டாள். "இது செத்துப்போச்சுன்னா உள்ள இருக்கிறது என்னா ஆவும்? பாக்க யாரு வருவா?"

விற்பனையாளர் ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டினார். மாமா கூரையைப் பார்த்தார்.

அதே கேள்வியை எடுத்துக்கொண்டு வரிசைக் கடைகளின் கடைசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சீன முதலாளி தவுக்கேயிடம் போனோம். அவர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி மலாயில் சொன்னார்: ஒரே கோப்பை உள்ளே இரண்டு டிஸ்க்கிலும் எழுதும், ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும், பழுதானால் செருப்பு மாட்டிக்கொண்டு நானே வந்துவிடுவேன். விலையும் நமக்குக் கட்டுப்படியானது. வாங்கிவிட்டோம்.

அடுத்த திருவிழாவுக்கான பேனர்கள் அத்தனையும் உள்ளே ஏறிய பிறகு ஆயுத பூசை வந்தது. புது லோரி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து ஏற்றுவோம். சர்வருக்குச் சக்கரம் இல்லை. அதற்காக மாமா விட்டுவிடுவாரா? நான்கு மூலைக்கும் எலுமிச்சை வைத்து, ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தார்.

"அமுக்குங்க மச்சான், நசுங்கணும்!"

பழம் நசுங்கவில்லை, பெட்டிதான் ஆடியது. முன்பக்கத்தில் காற்று போக வரிசையாக ஓட்டைகள் இருந்தன. பெட்டி செய்தவன் பொட்டு வைக்கவே விட்டிருக்கிறான் என்று ஒவ்வொன்றிலும் சந்தனம் அப்பினார். கண்ணு படக்கூடாது என்று மேலே பட்டுத்துண்டும் போர்த்தினார். சாம்பிராணி காட்டியதும் பின்பக்கத்து விசிறி கரகரவென்று சுற்றியது. "பாத்தீங்களா, சாமி ஏத்துக்கிச்சு!" என்றார்.

பூசை முடிந்து சாப்பாடும் முடிந்த பிறகு பெட்டி பீப், பீப் என்று விடாமல் கத்தத் தொடங்கியது. கோயில் மணி மாதிரியே இருந்ததால் எல்லாரும் கைகூப்பினோம். அம்மாதான் துண்டை விலக்கினாள். உள்ளே சிவப்பு விளக்கு மின்னியது. பெட்டி இட்லிப் பானையாகக் கொதித்தது.

பூசைக்கு வந்திருந்த கோயில் செயலாளர் கையில் இருந்த சுண்டலைக் கீழே வைத்தார். "தம்பி... நம்ம பேனரு?"

நான் தவுக்கேவுக்குப் போன் அடித்தேன். சொன்னபடி செருப்போடு வந்தார். சந்தனத்தைச் சுரண்டினார், மூடியைத் திறந்தார், முகர்ந்து பார்த்தார். என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். சூட்டில் ஒரு டிஸ்க் செத்திருந்தது. ஆறவிட்டு மறுபடி சுவிட்சைத் தட்டினார். மற்றொன்று எழுந்தது.

திரையில் பேனர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லா உபயகாரர்களும் அவரவர் பெயருக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் தன் படம் வரும்வரை மூச்சு விடவில்லை. வந்ததும், "கொஞ்சம் பெருசா போடலாமே" என்றார். வேலை செகிஞ்சானுக்குப் போகாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து ஓட்டை இல்லாத பக்கத்தில் ஒரு பொட்டு, சாம்பிராணி வாசலோடு சரி. இது அம்மா போட்ட சட்டம்.

மாமா இன்றுவரை எலுமிச்சைதான் காப்பாற்றியது என்கிறார். அதை நம்பியவர்களும் இருக்கிறார்கள். கோயிலுக்கும் இதே மாதிரி ஒரு சர்வர் வாங்க இப்போது குழு போட்டிருக்கிறார்கள். தலைவர் உங்கள் மாமாதான்.