கறுப்பு உடுத்த வருஷம்

மெல்பேர்னில் துக்கம் காப்பதைப் போல வீண்வேலை வேறில்லை. நகரமே கறுப்பில்தான் திரிகிறது. நான் இருக்கும் புறநகர் டண்டினோங்கில் காலை ரயிலேறினால் கறுப்புக் கோட்டு, கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து. தங்கச்சி செத்த அடுத்த திங்கட்கிழமை, தலை முதல் கால் வரை கறுப்போடு புது அலுவலகத்துக்குள் நுழைந்தேன். பக்கத்து மேசைக்காரன் நிமிர்ந்து பார்த்து, "நைஸ் ஜாக்கெட்" என்றான். அடப் பாவி!

தங்கச்சிக்கு டெங்கு. மன்னாரில் காய்ச்சல் என்று படுத்தவள் அந்தக் கிழமை முடிவதற்குள் போய்விட்டாள். எனக்கோ இங்கே படிப்பு முடிந்து முதல் வேலை தொடங்க இருந்தது. அம்மா தொலைபேசியில் அழக்கூட இல்லை. "நீ வந்து சேருறதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிடும் பிள்ளை. அந்தரப்பட்டு வராதை. அங்கயே இருந்து துக்கத்தைக் காத்துக்கொள்" என்றார்.

எங்கள் கத்தோலிக்க வீட்டில் துக்கம் என்றால் ஒரு வருஷம் கறுப்பு. நகை இல்லை. விருந்து, பாட்டு, கொண்டாட்டம் எதற்கும் போவதில்லை. அப்பா போனபோது நானும் தங்கச்சியும் சேர்ந்துதான் காத்தோம். கறுப்புப் பாவாடை வெயிலில் சுடுகிறது என்று அவள் பூசைக்குப் போகிற வழியெல்லாம் புறுபுறுப்பாள். இப்போது அவளுக்காக நான் மட்டும். குளிரூட்டிக்குக் கீழே இருந்துகொண்டு, தெருக்களின் மழைநீர் வடிகாலுக்குக் குழாய் அளவு கணக்குப் போட்டேன். ஒருவருக்கும் எதுவும் தெரியாது. நானாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

எங்கள் பிரிவின் மேலாளர் சிலி நாட்டுப் பெண். ஐம்பது வயது தாண்டியவர். தன் பேரைக்கூட ஆஸ்திரேலியர்களின் வாய்க்கு ஏற்றமாதிரிக் குறுக்கி வைத்திருந்தார். அந்த முதல் கிழமையே என் மேசையருகில் வந்து நின்று, மெதுவாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யார்?"

"தங்கச்சி" என்றேன்.

"காதைப் பார்த்தேன். தோடு இல்லை. இது வெறும் உடுப்பில்லை என்று விளங்கியது" என்றார்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு அவரோடுதான். அவருடைய ஊரிலும் இதே வழக்கமாம். தாத்தா செத்தபோது அவருடைய அம்மா முற்றத்தில் பெரிய பானை வைத்து, வீட்டிலிருந்த உடுப்பு அத்தனையையும் கறுப்புச் சாயத்தில் போட்டுக் காய்ச்சினாராம். பள்ளிக்கூடச் சீருடையும் போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தார். நான் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய வாய்க்காரத்தனம், என் செருப்பைக் களவாகப் போடுவது, அவளுடைய முதலாம் ஆண்டுப் பூசைக்கு நான் ஊரில் நிற்க மாட்டேன் என்கிற கவலை, எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கட்டடத்துக்குள் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறது என்று நம்பினேன்.

எங்கள் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்தது இரண்டு பேர். நானும் அந்தப் பக்கத்து மேசைக்காரனும். ஒப்பந்த வருஷம் முடியும்போது ஒருவருக்கு நிரந்தர வேலை. எனக்கு அது கிடைத்தால் விசாவுக்குக் கம்பனி பொறுப்பு நிற்கும். கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவன் பிழைவிட்ட கணக்கையெல்லாம் நான்தான் திருத்திக் கொடுப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை பியர், பிறந்தநாள் கேக், குதிரைப் பந்தய நாள் விருந்து, கிறிஸ்மஸ் கரோக்கி என்று ஒன்றையும் அவன் விடமாட்டான். நான் ஒன்றுக்கும் போகவில்லை. குளிர்காலத்தில் ஒருநாள் மேலாளர் என்னிடம், "ஒருக்கால் வந்துவிட்டுப் போ. கழுத்தில் ஒரு கலர்ச் சால்வை போட்டால் போதும்" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

ஜனவரியில் சின்ன அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை அவனுக்கு.

"என் வேலையில் என்ன குறை?"

"ஒன்றுமில்லை. நீதான் திறம். ஆனால் நீ குழுவோடு சேருவதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்."

"ஏன் சேரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமே! சொன்னீர்களா?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே "இல்லை" என்றார். "சொல்லியிருந்தால் என்னையும் உன்னோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். என் அப்பா செத்து அடுத்த கிழமையே நான் சிவப்புச் சட்டை போட்டு வேலைக்கு வந்தேன். அப்போது நானும் ஒப்பந்தத்தில்தான் இருந்தேன். அப்படித்தான் இந்த மேலாளர் கதிரைக்கு வந்து சேர்ந்தேன்."

தெரியாதவன் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். எல்லாம் தெரிந்த மனிசி செய்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆங்கிலம் வாயில் வரவில்லை. "உமக்கு வெக்கமில்லையோ!" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்குச் சொல் விளங்கியிருக்காது. முகம் மட்டும் வெளிறிப்போனது.

ஆண்டுப் பூசையை டண்டினோங் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் ஒப்புக்கொடுத்தேன். வந்திருந்த தமிழ்ச் சனம் நல்ல சனம். ஆனால் அவர்களில் ஒருவரும் தங்கச்சியைக் கண்டதில்லை. பூசை தொடங்கும் நேரத்தில் நான் இருந்த நீள வாங்கருகில் யாரோ வந்து நின்றார்கள். என் மேலாளர்தான். நாளையும் இடத்தையும் முன்னொருநாள் சாப்பாட்டு நேரத்தில் நானே அவரிடம் சொல்லியிருந்தேன். கறுப்பு உடுத்திருந்தார்.

'இங்கயிருந்து போங்கோ' என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன்.

அவர் குனிந்து, "என் அப்பாவுக்கு நான் ஒரு நாள்கூட உடுத்தவில்லை. உன் தங்கச்சிக்கு உடுத்தலாமா?" என்று கேட்டார்.

வாங்கில் கிடந்த என் பையை எடுத்து மடியில் வைத்தேன். அவர் அந்த இடத்தில் அமர்ந்தார். சாமியார் தங்கச்சியின் பேரை வாசித்தபோது அவர் விம்மி விம்மி அழுதார். அந்த வருஷம் முழுக்க எனக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் என் தங்கச்சிக்காகக் கறுப்பு உடுத்தது நாங்கள் இரண்டு பேர்தான்.