அழுகைக்கு ஒரு புளியங்கொட்டை

என் மகள் எட்டு நாளாக அழவில்லை. கதவை அறையவில்லை, தட்டைத் தள்ளவில்லை. "பொண்ணு அடங்கிட்டா பாத்தியா" என்று அவள் அப்பா நிம்மதியாக இருக்கிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் வீடு. அப்போது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. பெரியவளானதிலிருந்து அவளுக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். களியுருண்டையைத் தூக்கி எறிவாள். அரைமணியில் என்னைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்பா அழைத்து வந்த வைத்தியர், எதையும் அளக்காமல் மருந்து சொல்லாதவர். ஒரு சட்டியும் நூறு புளியங்கொட்டையும் வைக்கச் சொன்னார். அக்கா அழும் சத்தமோ கத்தும் சத்தமோ கேட்டால் சட்டியில் ஒரு கொட்டை. அடுத்த அமாவாசைக்குள் ஐம்பதைத் தாண்டினால் அது பேய், மருந்துக்கு அடங்காது. பூசாரியிடம் கூட்டிப்போய்ச் சாட்டையடி வாங்கத்தான் வேண்டும்.

கொட்டை போடும் வேலை எனக்கு. வாழ்க்கையில் கிடைத்த முதல் உத்தியோகம். ஒரு சிணுங்கலைக்கூட நான் விடவில்லை.

"மணியக்காரம்மா, இன்னைக்கி எத்தினி போட்டீங்க?" என்பாள் அக்கா.

"ஏழு."

"மூக்கு சிந்துனதையும் சேத்தாடி?"

பத்தாம் நாள் அவளே எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தாறு. அன்றோடு வீட்டில் சத்தம் நின்றது.

ஒரு மத்தியானம் மாட்டுக் கொட்டகையில் அவளைப் பார்த்தேன். தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டு, எருமையின் முதுகில் நெற்றியை முட்டியபடி நின்றிருந்தாள். தோள் குலுங்கியது.

"கொட்ட போடப் போறியாடி?"

"சத்தமே வல்லியே. போட மாட்டன்."

"நல்ல புள்ள" என்று கன்னத்தைத் தட்டினாள். கை ஈரமாக இருந்தது.

அமாவாசையன்று வைத்தியர் எண்ணினார். அதே நாற்பத்தாறு. "கொணமாயிடுச்சிங்க" என்றார். அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். அக்கா சிரிப்பதையும் நிறுத்தியிருந்தாள். சிரிப்புக்குக் கொட்டை வைக்கச் சொல்லாததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. போன வருஷம் அம்மா இறந்தபோதுகூட அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அமாவாசையன்று மிச்சமிருந்த கொட்டைகளை அம்மா வறுத்துக் கொடுத்தாள், நான் ஒழுங்காக வேலை பார்த்ததற்கு. இரண்டு கையும் நிறைய இருந்தது. அக்காவிடம் நீட்டினேன்.

"நீயே தின்னு" என்றாள்.

அவ்வளவும் சட்டியில் விழுந்திருக்க வேண்டியவை என்று தெரியாமல், ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றேன்.