வறண்ட வாய்க்காலின் வெளிச்சம்

வேலை கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் நான் டீ வாங்கிக் கொடுப்பேன். தேனியில் படப்பிடிப்புக் குழுக்கள் தங்கும் லாட்ஜுக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையில் அங்கே போய் உட்கார்ந்தால் ஆட்கள் சுற்றி நிற்பார்கள். கிளாஸை விளிம்பு வரை நிரப்பச் சொல்வேன். எம்.ஏ. படித்த மனுசன், தாராளமான கை என்று பேர். உண்மையில் நான் அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின ராத்திரி குடித்தவன் கை காலையில் நடுங்கும். டீ தளும்பினால் அவனுக்கு அன்று வேலை இல்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏற அப்படிப்பட்டவன் ஆகமாட்டான்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. சென்னையிலிருந்து சினிமாக்காரர்களும் சீரியல்காரர்களும் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தபடி இருந்தார்கள். முக்கியமான லைட்மேன்களை அவர்களே கூட்டி வருவார்கள். கூட நிற்க உள்ளூர் ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது லோக்கல் மேனேஜரான என் பொறுப்பு. அதற்கு முன் டுடோரியல் காலேஜில் ஆங்கிலம் நடத்தியவன் நான். இவன் வேண்டும், இவன் வேண்டாம் என்று கைகாட்டும் அதிகாரம் கிடைத்ததும் பாடம் நடத்துவது சலித்துப்போயிற்று.

ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர் வருவார். ஐம்பதை ஒட்டிய வயது. சென்னையில் பல வருடம் லைட்மேனாக இருந்தவர். விளக்கு ஒன்று கைநழுவி விழுந்ததிலிருந்து அங்கே அவரைக் கூப்பிடுவதில்லை. இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

என் டீயை அவர் தொடமாட்டார். “இப்பத்தேன் குடிச்சிட்டு வாரேங்கய்யா” என்பார். கைகள் துண்டுக்குள் இருக்கும். எனக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் நானே கிளாஸை எடுத்து நீட்டினேன்.

“பிடி. என் கையால குடுக்குறேன், வேணாம்னு சொல்வியா?”

வாங்கினார். பாதி டீ வேட்டியில் கொட்டியது.

“ஏலே, அண்ணன் வேட்டிக்கு டீ ஊட்டுறாருடா” என்றான் ஒருவன்.

“எனக்குக் குடிப்பழக்கம் கெடையாதுங்கய்யா. நரம்புக் கோளாறு.”

அதுவும் எனக்குத் தெரியும். சிரிக்க வைத்ததற்காக அன்று சாமான் இறக்க வரச் சொன்னேன். லைட்டைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான்.

அன்றைய படப்பிடிப்பு கம்பத்துப் பக்கம், வாய்க்கால் கரையில் ஒரு வீட்டில். கதாநாயகி ஜன்னலோரம் நின்று அழ வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் பட்ட வெயில் அவள் பின்னால் சுவரில் நெளிய வேண்டும். அணையில் தண்ணீர் திறக்காத மாதம் அது. வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடித் துண்டுகளைப் போட்டு, வெயிலைத் திருப்பிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய ரிஃப்ளெக்டர் பலகையைப் பிடித்திருந்தவன், ஒண்ணுக்குப் போகிற அவசரத்தில், சாமான் இறக்கிவிட்டுப் பக்கத்தில் நின்ற ஜெயமங்கலத்துக்காரரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனான்.

சுவரில் வெளிச்சம் நெளிந்தது.

“யாரு சார் அது?” என்று கேமராமேன் கத்தினார். இவர் பயந்துபோய்ப் பலகையைக் கீழே வைக்கக் குனிந்தார். “ஐயோ, வைக்காதீங்க! அப்படியே ஆட்டிக்கிட்டே இருங்க.”

“நான் ஆட்டலைங்க” என்றார்.

யூனிட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து அவருக்கு வாய்க்கால் என்று பேர் விழுந்தது. “ஏலே வாய்க்கா, இங்கன வா” என்று அவரைவிட இளையவர்கள் கூப்பிட்டார்கள். ஒரு குழு இன்னொரு குழுவிடம் சொல்ல, ஆறு, குளம், கிணற்றடி என்று எந்தக் காட்சி வந்தாலும் அவரைக் கேட்டார்கள். மற்ற நேரமெல்லாம் ஜெனரேட்டர் வண்டி நிழலில் உட்கார்த்தி வைத்திருப்போம். “ஒரு லைட்டாவது தூக்க விடுங்கய்யா. நான் லைட்மேனுங்க” என்பார். “நீ தூக்குனா பூகம்பம்ல வரும்” என்பார்கள் பையன்கள்.

அவர் மனைவி அவரை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். சில வாரம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு காலை டீக்கடைக்கு வந்தார். துண்டு தோளில் இருந்தது. கேட்காமலே பெஞ்சிலிருந்த நிரம்பிய கிளாஸை எடுத்து, என்னைப் பார்த்தபடி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்தார்.

“மாத்திரை கேக்குதுங்கய்யா. இனி லைட்டுல போடுங்க.”

அவரை வேனில் ஏற்றினேன். அன்றைக்கும் ஒரு காட்சி, ஆற்றங்கரை வீட்டில். பலகையைப் பிடித்தார். சுவரில் வெளிச்சம் ஒட்டிவைத்த மாதிரி நின்றது.

“என்ன சார், உங்க வாய்க்கால் வத்திப்போச்சா?” என்றார் டைரக்டர்.

அந்த ஏளனம் என்மேல் விழுந்ததாக நினைத்தேன். அவரை வேனுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அவரை லைட்டில் போட என்னால் முடியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லவில்லை.

“ஆடாத கை எனக்கு ஊர் பூரா கெடைக்கும். ஆடுற கை உன்கிட்டதான் இருக்கு. வேலை வேணும்னா மாத்திரையை நிறுத்து.”

தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். “ஷூட்டிங் இல்லாத நாளைல சாப்பிட்டுக்கிறட்டுமாங்கய்யா?”

“அது உன் இஷ்டம். இங்க வந்து நின்னா ஆடணும்.”

அடுத்த படப்பிடிப்புக்கு வந்தபோது ஆடியது. எல்லோருக்கும் சந்தோஷம். சென்னைக்காரர்கள் என் தோளைத் தட்டினார்கள். பிழைப்புக்காகச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எனக்குப் பிழைப்பு இருந்தது. அந்தத் தோள்தட்டல் பிடித்திருந்தது.

இரண்டு சீரியல் முடிவதற்குள் நடுக்கம் தோள்வரை ஏறிவிட்டது. கடைசி நாள் வெளிச்சம் சுவரை விட்டுத் தாவி நடிகையின் கண்ணில் அடித்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “இந்த ஆளை யார் கூட்டிட்டு வந்தது?” என்று டைரக்டர் கத்தினார். “தெரியலை சார், சும்மா வந்து நிக்கிறான்” என்றேன். பலகை பிடித்திருந்தவர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். பலகையைத் தரையில் சாய்த்துவிட்டு, பஸ் ஏற ரோட்டுக்கு நடந்தார்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் கை நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து, படப்பிடிப்புக்கு வீடு பார்க்க ஜெயமங்கலம் போனேன். அவரைப் பார்க்கப் போகவில்லை. தெருவில் அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். கூட வந்த சென்னைக்காரர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். அவர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். இடுப்பில் வேட்டியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மனைவி எங்களுக்கு டீ கொடுத்தார். அவருக்குக் கிண்ணத்தில் ஆறவைத்து ஸ்பூனால் ஊட்டினார்.

“நிறுத்தவே கூடாதுன்னு டாக்டரு சொன்னாக. நீங்க நிறுத்தச் சொன்னீகளாம்ல?” என்றார் என்னிடம், ஸ்பூனிலிருந்து கண்ணெடுக்காமல்.

நான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன். நாற்காலியிலிருந்து அவர்தான் பேசினார். வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

“வெள்ளம் வார சீன் எதுவும் இருந்தாச் சொல்லுங்கய்யா.”

சென்னைக்காரர்கள் சிரித்தார்கள். பழக்கம், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கிறாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

மனைவி எழுந்து வந்து, நான் பாதிகூடக் குடிக்காத டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.